கொடுத்தவர் யார்? தேர்தல் நிதியின் மறைந்த பெயர்களும் சட்டத்தின் தேடலும்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையோரம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. தேர்தலில் நின்ற ஒவ்வொரு வேட்பாளரும் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் தம் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கணக்கு மூன்று நிறத் தாள்களில் வருகிறது. அன்றாடச் செலவுக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். தேர்தல் நடத்தை விதிகள் 1961இன் 88ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் கட்டும் எவரும் அதைப் பார்வையிடலாம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அதில் இடம் உண்டு. சொந்தப் பணம் எவ்வளவு, கட்சி கொடுத்தது எவ்வளவு, பிறர் கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியே காட்ட வேண்டும். ஆனால் ‘கட்சி கொடுத்தது’ என்ற வரியோடு தடம் அறுந்துவிடுகிறது. அந்தக் கட்சிக்குக் கொடுத்தவர் யார் என்று வேட்பாளரின் கணக்கு சொல்லாது. சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்பதில்லை.

கட்சிக்குப் பணம் கொடுத்தவர் பெயரை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அந்தப் பெயரைச் சட்டத்தால் வெளியே கொண்டுவர முடியுமா? 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தை உறுத்திய இந்த விவகாரத்துக்கு 2024இல்தான் உச்ச நீதிமன்றம் ஓரளவு பதில் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் மூன்று விடைகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. நிறுவனங்கள் கொடுப்பதையே தடுப்பது முதலாவது. கொடுக்கவிட்டுப் பெயரைச் சொல்லவைப்பது இரண்டாவது. பெயரை மறைக்க இடம் தந்து, பணத்தை வங்கி வழியாக வரவைப்பது மூன்றாவது. இவற்றின் பிறப்பையும் வாதங்களையும் ஓட்டைகளையும் தாமிரபரணிப் படுகையைத் தொட்டுச் சென்ற சில பணத்தடங்களோடு சேர்த்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

தடுத்தால் நிற்குமா?

அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்கு வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள டாடா இரும்பு எஃகு நிறுவனம் 1957இல் அனுமதி கேட்டது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அடங்கிய அமர்வு சட்டப்படி அதைத் தடுக்க வழியில்லை என்று அனுமதித்தது. ஆனால் இந்தப் போக்கு ஜனநாயகத்தையே திணறடிக்கக்கூடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றது. பின்னர் வந்த வழக்குகளிலும் விவாதங்களிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்ட எச்சரிக்கை அது.

1960இல் நிறுவனச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அல்லது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காடு, இதில் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம்; கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும். ஊழல் தடுப்பை ஆராய 1962இல் அமைக்கப்பட்ட கே. சந்தானம் குழு இது போதாது என்று கருதி, நிறுவன நன்கொடைகளை முழுமையாகத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 1969இல் தடை வந்தது.

அந்தத் தடைக்குப் பின்னால் கொள்கை மட்டும்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சிக்குத் தொழில் நிறுவனங்களின் ஆதரவு பெருகிவந்த காலம் அது. எதிர்க்கட்சிகளின் வருவாயை அடைப்பதும் ஒரு நோக்கம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. நோக்கம் எதுவானாலும் விளைவு தெளிவு. தேர்தல் செலவு குறையவில்லை. அரசு நிதியும் மாற்றாக வரவில்லை. கட்சி மாநாட்டு மலர்களில் நிறுவனங்களின் முழுப்பக்க விளம்பரங்கள் நிறைந்தன. கணக்கில் வராத ரொக்கம் பெருகியது. 1985இல் தடை நீக்கப்பட்டு, 5 விழுக்காடு வரம்போடு நன்கொடை மீண்டும் சட்டபூர்வமானது. செலவுக்கான தேவை இருக்கும்வரை, வரவைத் தடுப்பது பணத்தை நிறுத்தாமல் பெயரை மட்டும் மறைத்துவிடுகிறது என்பதே அந்த 16 ஆண்டுகள் தந்த பாடம்.

வேட்பாளருக்கு உச்சவரம்பு, கட்சிக்கு விலக்கு

செலவின் பக்கத்திலிருந்து இதை அணுகிய முயற்சி 1974இல் நடந்தது. டெல்லி சதர் தொகுதியின் 1971 தேர்தல் தொடர்பான கன்வர்லால் குப்தா வழக்கில், நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு அக்டோபர் 3 அன்று வெளியானது. வேட்பாளர் தெரிந்தே பயனடைந்திருந்தால் கட்சி செய்த செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மூன்று வாரம்கூட ஆகவில்லை; ஓர் அவசரச் சட்டம் வந்து, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்றது அந்த விளக்கம். அது பின்னர் நாடாளுமன்றச் சட்டமாகி, 2003 வரை நீடித்தது.

2003 திருத்தத்துக்குப் பிறகு இந்த விலக்கு சுருங்கியது. முக்கியப் பேச்சாளர்களின் பயணச் செலவு போன்றவை மட்டும் அதில் எஞ்சின. ஆனால் கட்சி தன் பெயரில் செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு இன்றும் உச்சவரம்பு கிடையாது. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று 2022 முதல் வரம்பு இருக்கிறது. செலவினப் பார்வையாளர்கள் நிழல் பதிவேடு வைத்து, பந்தலுக்கும் நாற்காலிக்கும் தேநீருக்கும் விலைப்பட்டியல்படி கணக்குப் போடுகிறார்கள். இத்தனை கெடுபிடியும் வேட்பாளரோடு முடிகிறது. பெரிய தொகை புழங்கும் கட்சிக் கணக்கு அந்த மேசைக்கு வருவதில்லை.

சொல்லவைக்கும் சட்டம்

வெளிப்படுத்தலே மருந்து என்பது இரண்டாம் விடை. 1996இல் காமன் காஸ் வழக்கில், வருமான வரிச் சலுகை பெறும் கட்சிகள் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2002இல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடர்ந்த வழக்கில், வேட்பாளரின் சொத்தையும் குற்ற வழக்குகளையும் அறிவது அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையின் பகுதி என்று தீர்ப்பானது. வாக்களிப்பவர் அறிந்து வாக்களிக்க வேண்டும் என்ற அந்தத் தர்க்கம்தான் 22 ஆண்டுகள் கழித்துத் தேர்தல் பத்திரங்களை வீழ்த்தியது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2003இல் சேர்க்கப்பட்ட 29சி பிரிவு, 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கச் சொன்னது. ஓட்டை அந்த எண்ணிலேயே இருந்தது. ஒருவர் ஒரு லட்சத்தைப் பல ரசீதுகளாகப் பிரித்துக் கொடுத்தால் பெயர் எங்கும் பதிவாகாது. 2004-05 முதல் 2014-15 வரை தேசிய, மாநிலக் கட்சிகளின் வருமானத்தில் 69 விழுக்காடு அறியப்படாத மூலங்களிலிருந்து வந்தது என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கிட்டது. 20,000க்குக் குறைந்த தொகைகளின் கூட்டுத்தொகை 20 கோடியையோ மொத்த நன்கொடையில் 20 விழுக்காட்டையோ தாண்டினால் அந்தப் பெயர்களையும் சொல்லவைக்கலாம் என்று சட்ட ஆணையத்தின் 255ஆம் அறிக்கை 2015இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

2017 நிதிச் சட்டம் வேறு வழியில் போனது. அடையாளம் தெரியாத ரொக்க நன்கொடைக்கான வரம்பை 20,000இலிருந்து 2,000ஆகக் குறைத்தது. பெயரைத் தெரிவிக்கும் வரம்பை 20,000இலேயே விட்டுவிட்டது. ஒரு ரசீதை நான்காகக் கிழித்தவர் இனி நாற்பதாகக் கிழிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தகவல் உரிமைச் சட்டம் இன்னொரு வாயில். 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளைப் பொது அதிகார அமைப்புகள் என்று அறிவித்தது. மனுக்களுக்குப் பதில் தரத் தகவல் அலுவலர்களை நியமிக்கும்படி பணித்தது. கட்சிகள் அந்த உத்தரவைக் கண்டுகொள்ளவில்லை. நிறைவேற்றும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்று ஆணையமும் கைவிரித்தது. தீர்ப்பு இருந்தும் தகவல் இல்லை என்ற நிலை.

தூத்துக்குடி தந்த வழக்கு

வெளிப்படுத்தலால் உருப்படியான பயன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தாமிரபரணியின் கடைமடையில் ஒரு பதில் இருக்கிறது. தூத்துக்குடியில் தாமிர உருக்காலை நடத்திவந்த ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ், லண்டனில் பதிவான வேதாந்தாவின் துணை நிறுவனம். அதுவும் அதே குழுமத்தின் சேசா கோவாவும் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் 2009 வரையிலான காலத்தில் நன்கொடை கொடுத்திருந்தன. இந்தக் கொடையில் ஒளிவுமறைவு இல்லை. தேர்தல் ஆணையத்துக்குக் கட்சிகள் தந்த விவரங்களிலேயே பெயர்கள் இருந்தன.

பெயர் தெரிந்ததால்தான் வழக்குப் போட முடிந்தது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் முன்னாள் அரசுச் செயலர் இ.ஏ.எஸ். சர்மாவும் தொடர்ந்த வழக்கில், 1976ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை இரு கட்சிகளும் மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச் 28 அன்று கண்டது. தாய் நிறுவனத்தின் பங்குகளில் பெரும்பான்மை ஓர் இந்தியக் குடிமகனிடம் இருப்பதால் அது வெளிநாட்டுப் பணமல்ல என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆறு மாதங்களுக்குள் நடவடிக்கை எடுக்கும்படி அரசுக்கும் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது.

நடந்தது வேறு. 2016 நிதிச் சட்டம் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் வரையறையை 2010 செப்டம்பர் முதல் முன்தேதியிட்டு மாற்றியது. கேள்விக்குரிய நன்கொடைகள் அதற்கும் முந்தியவை என்பதால் அது போதவில்லை. 2018 நிதிச் சட்டம் அந்தத் தேதியை 1976 ஆகஸ்ட் 5க்கே கொண்டுபோனது. 42 ஆண்டுகளுக்கு முன்தேதியிட்ட அந்தத் திருத்தம் விவாதம் இன்றி மக்களவையில் நிறைவேறியது. சட்டத்தை மீறியதாக நீதிமன்றம் கண்ட இரண்டு கட்சிகளும் ஆளுங்கட்சியும் முதன்மை எதிர்க்கட்சியுமாக இருந்ததால், அவையில் அதைக் கேட்க ஆளில்லை.

இங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன. வெளிப்படுத்தல் வேலை செய்கிறது என்பது ஒன்று. பெயர் பதிவாகியிருக்காவிட்டால் இந்த வழக்கே இல்லை. வெளிப்பட்டதன் பயனைச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் பெற்றவர்களே அழித்துவிடலாம் என்பது மற்றொன்று.

மறைவுக்கும் நியாயம் உண்டா?

மூன்றாம் விடையை அவசரமாக ஒதுக்கிவிடக் கூடாது. கொடுத்தவர் பெயர் தெரிந்தால், தோற்ற கட்சிக்குக் கொடுத்தவரை வென்ற கட்சி பழிவாங்கும் என்ற அச்சம் கற்பனையல்ல. அமெரிக்காவில் கறுப்பின உரிமைக்குப் போராடிய அமைப்பு தன் உறுப்பினர் பட்டியலைத் தர வேண்டும் என்று அலபாமா மாநிலம் கேட்டபோது, 1958இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தது. பட்டியல் வெளியானால் உறுப்பினர்கள் வேலையை இழப்பார்கள், தாக்கப்படுவார்கள் என்பதே காரணம். சட்ட அறிஞர்கள் புரூஸ் ஆக்கர்மனும் இயன் அயர்ஸும் 2002இல் ஒரு படி மேலே போனார்கள். யார் கொடுத்தார் என்பது வாங்கும் கட்சிக்கே தெரியாமல் செய்துவிட்டால், கைம்மாறு கேட்கவும் முடியாது, பழிவாங்கவும் முடியாது என்றார்கள். வாக்குச்சாவடி போலவே ‘நன்கொடைச் சாவடி’. சிலி நாடு இதையொட்டிய ஏற்பாட்டை 2003இல் சட்டமாக்கியது. கொடுத்தவர்கள் தாங்களே போய்க் கட்சிகளிடம் சொல்லிவிடுவது தெரியவந்தபின், 2016இல் கைவிட்டது.

2017 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி அறிவித்து, 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் இந்த வாதத்தின் சாயலைக் கொண்டிருந்தது. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரையிலான பத்திரங்களை பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சியிடம் கொடுக்கலாம். 15 நாட்களுக்குள் கட்சி அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இராது. ரொக்கத்தை ஒழித்து வெள்ளைப் பணத்தைக் கொண்டுவரும் வழி இது என்றது அரசு. கூடவே நிறுவன நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காடு வரம்பும், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று சொல்லும் கடமையும் நீக்கப்பட்டன. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம் என்றானது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் 2017லேயே எழுத்துபூர்வமாக ஆட்சேபித்திருந்தன.

ஆக்கர்மன்-அயர்ஸ் யோசனைக்கும் இந்தத் திட்டத்துக்கும் இடையே அடிப்படை வேறுபாடு உண்டு. பத்திரத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவரைக் கட்சிக்குத் தெரியும்; விவரம் அரசு வங்கியிடமும் இருக்கும்; தெரியாதவர் வாக்காளர் மட்டுமே. நடைமுறை எப்படி இருந்தது என்பதற்கு ஐக்கிய ஜனதா தளம் ஆணையத்திடம் தந்த விளக்கம் சான்று. 2019 ஏப்ரலில் பாட்னா அலுவலகத்தில் யாரோ ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பிரித்தால் தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள் இருந்தன, கொடுத்தவரைத் தெரியாது என்றது கட்சி.

2024 தீர்ப்பும் தாழையூத்துத் தடமும்

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. கட்சி நிதியின் மூலத்தை அறிவது வாக்காளரின் தகவல் உரிமையில் அடங்கும் என்றது. நன்கொடையில் வெளிப்படும் அரசியல் சார்பு அந்தரங்க உரிமைக்கு உட்பட்டதுதான். ஆனால் கொள்கை முடிவுகளை வளைக்கத் தரப்படும் பணத்துக்கு அந்தக் காப்பு நீளாது என்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதினார். நிறுவன நன்கொடைக்கு வரம்பே இல்லாமல் செய்தது சமத்துவத்துக்கு எதிரானது என்றும் தீர்ப்பானது. விவரம் தர ஜூன் 30 வரை ஸ்டேட் வங்கி கேட்ட அவகாசம் மறுக்கப்பட்டது. மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது. வாங்கியவரையும் பெற்ற கட்சியையும் பொருத்திப் பார்க்க உதவும் பத்திர எண்கள் ஒரு வாரம் கழித்து வந்தன.

மொத்தம் ஏறக்குறைய 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. வெளியான பட்டியலில் பாஜகவின் பங்கு 6,000 கோடிக்கு மேல். தனி நிறுவனங்களில் முதலிடம் கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்குக்கு, 1,368 கோடி. தூத்துக்குடி ஆலையின் உரிமையாளரான வேதாந்தா வாங்கியது சுமார் 400 கோடி.

திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்து சங்கர்நகரில் 1949இல் முதல் ஆலையைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் தடம் இங்கே கவனிக்கத் தக்கது. அந்நிறுவனத்திடமிருந்து 14 கோடி பெற்றதாக திமுக ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. அதன் குழுமத்தோடு தொடர்புடைய சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனம் 5 கோடி தந்ததாக அதிமுக தெரிவித்திருந்தது. போட்டிக் கட்சிகள் இரண்டுக்கும் ஒரே வட்டாரத்திலிருந்து பணம் போவது சட்டவிரோதமல்ல. இந்தியத் தொழில் நிறுவனங்களின் பழைய வழக்கமும்கூட. அதிலிருந்து கைம்மாறு நடந்தது என்று முடிவுகட்ட ஆதாரமும் இல்லை. வாக்காளர் தாமே எடைபோட அந்தத் தகவல் கையில் இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அதிமுகவுக்குப் போன அந்தப் பத்திரங்கள் 2019 ஏப்ரல் தொடக்கத்தில் வாங்கப்பட்டவை. ஸ்டேட் வங்கி விவரம் தர வேண்டியிருந்ததோ 2019 ஏப்ரல் 12க்குப் பிந்தைய பத்திரங்களுக்கு மட்டும். கட்சியே முன்வந்து சொல்லியிராவிட்டால் அந்தப் பெயர் வங்கியின் பட்டியலில் வந்திருக்காது. திமுகவும் கொடுத்தவர்களைத் தொடர்புகொண்டு விவரம் கேட்டுத் தந்ததாகத் தெரிவித்தது. தன் 656 கோடியில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங்கிடமிருந்து வந்தது என்பதையும் அப்படித்தான் சொன்னது. பெரும்பாலான கட்சிகள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முதல் ஓராண்டில் வாங்கப்பட்ட பத்திரங்களின் முழுப் பெயர்ப்பட்டியல் இன்றும் வெளிவரவில்லை.

ரயிலில் வரும் பணம்

இதுவரை பேசியதெல்லாம் வங்கி வழியே வரும் பணம். மக்களவைத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கையில், 2024 ஏப்ரல் 6 இரவு, தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ரயிலில் மூன்று பேரிடமிருந்து சுமார் 4 கோடி ரூபாய் ரொக்கம் பறிமுதல் செய்யப்பட்டது. திருநெல்வேலித் தொகுதி பாஜக வேட்பாளர் நயினார் நாகேந்திரனுக்காக அது கொண்டுசெல்லப்பட்டதாகப் புகார் எழுந்தது. தமக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். வழக்கு பின்னர் சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது.

இந்த வழக்கின் உண்மை எதுவாக இருப்பினும், ரொக்கம் பிடிபடும்போது நடக்கும் விசாரணையின் திசை நோக்கத்தக்கது. பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. கட்சி நிதிச் சட்டங்களில் எதுவும் இந்தப் பணத்தைத் தொடுவதில்லை. ரசீதே போடப்படாத பணத்துக்கு 29சி பிரிவு எப்படிப் பொருந்தும்? 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப்பட்டுவாடாவால் ரத்தாயின. இரண்டிலும் தேர்தல் நின்றது; பணத்தின் ஊற்றுக்கண் யார் என்ற விசாரணை அந்த வேகத்தில் போகவில்லை. மறுபுறம், தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் முதலில் மாட்டுபவர் மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு வாங்க வரும் வியாபாரிதான்.

பத்திரங்களை ஆதரித்தவர்களின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் கூடினால் பணம் ரொக்கத்துக்கு நழுவும் என்றார்கள் அவர்கள். 1969 தடையின் அனுபவம் அதற்குத் துணைநிற்கிறது. ஆனால் பத்திரங்கள் புழங்கிய அதே ஆண்டுகளில்தான் வேலூர் ரத்தானது. மறைவைச் சட்டபூர்வமாக்கியதால் ரொக்கம் குறைந்தது என்று காட்டச் சான்று இல்லை.

பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர்

தீர்ப்புக்குப் பிறகு பணம் தேர்தல் அறக்கட்டளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2013இல் வகுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், நிறுவனங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும்; அறக்கட்டளை வரவில் குறைந்தது 95 விழுக்காட்டைக் கட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். கொடுத்தவர் பட்டியலும் பெற்றவர் பட்டியலும் வெளியாகும். 2023-24இல் சுமார் 1,200 கோடியாக இருந்த அறக்கட்டளை நன்கொடை 2024-25இல் 3,800 கோடியைத் தாண்டியது. பத்திரத்தைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் பல நிறுவனங்களின் பணம் ஒன்றாகக் கலந்தபின், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறது.

இதே சிக்கலை அமெரிக்காவும் கண்டது. 2010இன் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு நிறுவனச் செலவுக்குக் கதவைத் திறந்தாலும், வெளிப்படுத்தும் கடமையை எட்டு நீதிபதிகள் ஆதரித்தனர். ஆனால் லாப நோக்கற்ற அமைப்புகள் வழியாக வரும் பணத்துக்கு அந்தக் கடமை எட்டவில்லை. 2012இல் கலிபோர்னியாவின் மக்கள் வாக்கெடுப்புப் பிரசாரத்தில் அரிசோனா அமைப்பொன்று 1.1 கோடி டாலர் இறக்கியது. மாநிலத்தின் தேர்தல் நிதிக் கண்காணிப்பு ஆணையம் நீதிமன்றம் போய், வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பெயரைச் சொல்லவைத்தது. வெளிவந்தது இன்னும் இரண்டு அமைப்புகளின் பெயர்! உண்மையில் கொடுத்த மனிதர்கள் அப்போதும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அந்த அமைப்புகள் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

திறந்தே இருக்கும் கேள்விகள்

தேர்தல் செலவை அரசே ஏற்கலாம் என்ற நான்காம் யோசனையும் உண்டு. 1998இல் இந்திரஜித் குப்தா குழு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பொருளாக உதவலாம் என்றது. 2015இல் சட்ட ஆணையம் முழு அரசு நிதி இன்றைய நிலையில் சாத்தியமில்லை என்று கருதியது. தனியார் பணத்தைக் கண்காணிக்க முடியாத நாட்டில் அரசுப் பணம் அதற்கு மேல் ஓர் அடுக்காகச் சேருமே தவிர, மாற்றாகுமா என்பது சந்தேகமே.

நீதிமன்றங்கள் செய்து முடித்திருப்பது என்ன என்று பார்த்தால், அறியும் உரிமை நிலைநாட்டப்பட்டுவிட்டது. அதை எந்த அரசும் இனி எளிதில் மறுக்க முடியாது. எஞ்சுபவை வேறு. பத்திரத் திட்டத்துக்கு வழிவிட்ட திருத்தங்களைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது சரியா என்பதை 2024 தீர்ப்பு தொடவில்லை. பத்திரங்களுக்கும் அரசு ஒப்பந்தங்களுக்கும் தொடர்பு உண்டா என விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுக்கள் 2024 ஆகஸ்டில் தள்ளுபடியாயின. சிறு தொகை கொடுக்கும் சாதாரண ஆதரவாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் வரம்பு எது என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. 20,000 என்ற எண் 2003இல் வைத்தது. அதைக் கூட்ட வேண்டும் என்பவரும் உண்டு, குறைக்க வேண்டும் என்பவரும் உண்டு.

இவற்றைவிட நடைமுறையில் கனமானவை காலமும் சரிபார்ப்பும் என்று தோன்றுகிறது. திருநெல்வேலி 2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. அந்த நிதியாண்டில் கட்சிகளுக்குக் கொடுத்தவர்களின் பட்டியல் ஆணையத்துக்குச் சேர வேண்டிய காலம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது. பிரிட்டனில் பொதுத் தேர்தல் நேரத்தில் பெரிய நன்கொடைகளைக் கட்சிகள் வாராவாரம் அறிவிக்கின்றன. வங்கிக் கணக்குகள் கணினிமயமான இந்தியாவில் அது முடியாத காரியமல்ல. சரிபார்ப்பும் அப்படியே. வேட்பாளரின் தேநீர்க் கணக்கைப் பார்க்க அலுவலர் உண்டு. கட்சி தரும் பட்டியலில் உள்ள பெயருக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று துருவ, கணக்கைத் தணிக்கை செய்ய, பொய்க்குத் தண்டிக்க எந்த அமைப்புக்கும் தெளிவான அதிகாரம் இல்லை.

அத்தகைய அதிகாரத்தை நாடாளுமன்றம் தருமா என்பது ஐயத்துக்கு உரியது. 1974, 2016, 2018 ஆகிய மூன்று முறையும், தீர்ப்பு கட்சிகளின் பணத்தைத் தொட்டபோது சட்டம்தான் திருத்தப்பட்டது. 2024 தீர்ப்பு அரசமைப்பின் அடிப்படை உரிமையில் நிற்பதால் அதை அதே வழியில் செல்லாததாக்குவது கடினம் என்பது நம்பிக்கை தரும் ஒரே வேறுபாடு. அந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது இனி வரும் வழக்குகளைப் பொறுத்தது. வங்கியைத் தொடாத ரொக்கத்தை எந்த வெளிப்படுத்தல் சட்டமும் தனித்து எட்டிப்பிடிக்காது என்பதையும் அந்த வழக்குகளை நடத்துபவர்கள் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும்.